ஒன்பதாவது வாரத்தில் செத்துப்போன சமையல்காரன்

மக்கள் ஏன் கதைப் புத்தகங்களை விரும்பிப் படிக்கிறார்கள் என்று என்னிடமா கேட்கிறீர்கள்? நல்ல ஆளைப் பிடித்தீர்கள். உட்காருங்கள். நூலக வாசகர் வட்டத்துக்குச் செயலாளர் நீங்கள். ஆண்டு விழா மலர் போடுகிறீர்கள். ஊரில் மூத்தவர்கள் பத்துப் பேரிடம் ஆளுக்கு இரண்டு பக்கம் வாங்குகிறீர்கள். சரி. மற்ற ஒன்பது பேரும் என்ன எழுதியிருப்பார்கள் என்று நான் சொல்லட்டுமா? கதை மனத்தைப் பண்படுத்தும், கதை அறிவை வளர்க்கும், கதை நல்ல நண்பன். தபால் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவர் நீங்கள். அதன் மேலும் ஒரு முத்திரை குத்தி வைத்துக்கொள்ளுங்கள். என் பதில் ஒரே வரி. எழுதிக்கொள்ளுங்கள். உண்மையைத் தாங்கும் தைரியம் இல்லாதவன் கதை படிக்கிறான். முற்றுப்புள்ளி.

இரண்டு பக்கம் வராதா? அப்படியானால் காரணத்தையும் கேளுங்கள். இது புகார் இல்லை. இந்த ஊர்த் தொழிலாளி வர்க்கத்தின் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. அவர்கள் எனக்குத் துரோகம் செய்தார்கள், அவ்வளவுதான்.

நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரை. மீதியெல்லாம் துண்டுப்பிரசுரத்தில் படித்தேன். எட்டுப் பக்கம், பதினாறு பக்கம். முப்பத்திரண்டு பக்கத்துக்கு மேல் ஒரு விஷயம் போனால் அதில் எங்கோ பொய் கலந்திருக்கிறது என்பது என் முடிவு. நானே பன்னிரண்டு பிரசுரம் எழுதியிருக்கிறேன். ஏழாவது பிரசுரத்தைப் படித்துவிட்டுக் கட்சியின் மாவட்டச் செயலாளரே, 'பூவலிங்கம், இதற்கு மேல் இதைப் பற்றி யாரும் எழுத முடியாது' என்றார். யாரும் எழுதவும் இல்லை.

அப்போது கீழத்தெரு பீடிக்கடையில் நாற்பது பேர் பீடி சுற்றினோம். நீளமான கொட்டகை. இரண்டு வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் மூங்கில் சுளகை வைத்துக்கொண்டு, இலையை வெட்டித் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்ட வேண்டும். கைக்குத்தான் வேலை. காதுக்கு வேலை இல்லை. அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. நாற்பது பேரில் ஒருவன் சுளகை இறக்கி வைத்துவிட்டு வாய்விட்டுப் படிப்பான். மற்றவர்கள் ஆளுக்கு இருபது பீடி சுற்றி அவன் சுளகில் போட்டுவிடுவார்கள். படிக்கிறவனுக்கு அன்றைய வேலை அப்படி முடிந்துவிடும். நாற்பது பேரில் நாலு பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொருத்தர் மைதீன் பிச்சை. எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து சுற்றுவார்.

நான் பிரசுரம் படிப்பேன். காலை பத்து மணி முதல் சாப்பாட்டு மணி வரை. உபரி மதிப்பு என்றால் என்ன, அது எப்படி உறிஞ்சப்படுகிறது, உறிஞ்சியதை எங்கே வைக்கிறான். ஒரு சத்தம் இருக்காது. அவ்வளவு ஆழ்ந்த கவனம். சிலர் கண்ணை மூடிக்கொண்டே கேட்பார்கள். சுடலைக்கண்ணு என்று ஒருத்தன், மாட்டு வண்டி மாதிரி உடம்பு, அவன் யோசிக்கும்போது தலை மார்பில் வந்து தொங்கிவிடும். சுற்றின பீடி அன்றைக்குக் கொஞ்சம் குறையும். குறையத்தான் செய்யும். சிந்திக்கிறவன் கை வேகமாக ஓடாது.

ஒரு ஐப்பசி மாதம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நாலு நாள் பேச்சே இல்லை. அந்த நாலு நாளில் எல்லாம் கெட்டுப்போனது.

மைதீன் பிச்சை ஒரு வாரப் பத்திரிகையைக் கொண்டுவந்து அதில் வந்த தொடர்கதையைப் படித்தார். பத்திரிகையின் பெயர் வேண்டாம், பிழைத்துப் போகட்டும். திருச்சியில் மெஸ் நடத்துகிற மரகதம் என்ற பெண்ணின் கதை. புருஷன் காணாமல் போய் ஏழு வருஷம் ஆகிவிட்டது. ஒருநாள் அவன் கையெழுத்தில் ஒரு கடிதம் வருகிறது. இவ்வளவுதான் கதை. சாதாரணமாக ஒரு பெண்ணுக்குக் கடிதம் வந்தால் பிரித்துப் படிப்பாள். இவள் நாலு வாரமாகக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறாள்.

ஐந்தாம் நாள் நான் பிரசுரத்தை எடுத்துத் தொண்டையைக் கனைத்தேன். சுடலைக்கண்ணு கேட்டான்.

"அண்ணாச்சி, உங்களுக்கு இன்னும் தொண்டை சரியாகலையே?"

"நல்லாயிட்டுது."

"இல்ல, கரகரன்னுதான் இருக்கு. ரெண்டு நாள் வச்சுப் பாருங்க. மைதீன் படிக்கட்டும்."

நான் விஷயத்தைச் சங்கத்தில் வைத்தேன். நான்தான் செயலாளர். 'பீடிக்கடையில் பிற்போக்குக் கதைகள் வாசிப்பதை இக்கூட்டம் கண்டிக்கிறது' என்று தீர்மானம். எதிர்த்து முப்பத்தொன்பது ஓட்டு. ஆதரித்து ஒன்று. சரித்திரத்தில் பல தடவை சரியான பக்கத்தில் ஒரே ஓட்டுத்தான் இருந்திருக்கிறது. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் மைதீன் பிச்சை என்னிடம் வந்தார்.

"ஓய், நீரே படியும்வே."

"எதை?"

"அந்தக் கதையைத்தான். ஒமக்கு நல்ல குரல். எனக்கு மூச்சு வாங்குது. நான் பேசாம சுத்துதேன்."

என்னைக் கண்டு பயந்துவிட்டார் என்று புரிந்தது. நானும் ஒரு கணக்குப் போட்டேன். விஷம் போகத்தான் போகிறது. அது நம் கை வழியாகப் போனால் அளவாகவாவது போகும். ஒப்புக்கொண்டேன். கட்டுப்பாட்டுக்காக ஒப்புக்கொண்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படித்தேன். இரண்டு நாள் அப்படியே படித்தேன். மூன்றாம் நாள் ஒரு வரி வந்தது. 'சமையல்காரன் வைரவன் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.' அவ்வளவுதான். மரகதத்தின் கண்ணீருக்கு ஐந்து பக்கம். காபி போட்டவனுக்கு ஒரு வரி. நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா? எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. நான் ஒரு வரி சேர்த்தேன். 'வைரவனின் கை நடுங்கியது. விடியற்காலை நாலு மணியிலிருந்து அவன் அடுப்படியில் நிற்கிறான்.'

கொட்டகையில் முப்பத்தொன்பது கத்தரியும் நின்றுவிட்டன. நான் பன்னிரண்டு பிரசுரம் படித்திருக்கிறேன், கத்தரி ஒருநாளும் நின்றதில்லை.

"அவனுக்குக் காய்ச்சலா அண்ணாச்சி?" என்றான் சுடலைக்கண்ணு.

"பொறு. படிக்கிறேன்."

அப்புறம் இரண்டு வரி. அப்புறம் அரைப் பக்கம். வைரவனுக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம். உப்பளத்தில் கால் வெந்து சமையலுக்கு வந்தவன். ரசத்துக்குப் பெருங்காயம் போடும்போது கண்ணை மூடிக்கொள்வான். ஏன் என்று கேட்காதீர்கள், அது அரசியல் கல்விக்குத் தேவைப்பட்டது. மரகதம் அழட்டும், அது அவள் சொந்த விஷயம். அவளுடைய சித்தப்பா ஒருவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். பத்திரிகைக்காரன் அவரைச் சும்மா உட்கார்த்தி வைத்திருந்தான். நான் அவருக்கு வேலை கொடுத்தேன். வைரவனை வாட்டுகிற வேலை.

ஒன்பதாவது வாரம் பத்திரிகை வந்தது. வழக்கம்போல நான் வீட்டில் முன்கூட்டிப் பார்த்தேன். அரை வரி. 'விஷக்காய்ச்சலில் வைரவன் போய்ச் சேர்ந்துவிட, மெஸ் வேலை முழுதும் மரகதத்தின் தலையில் விழுந்தது.' போய்ச் சேர்ந்துவிட. மரகதம் இன்னும் கொஞ்சம் அழ வேண்டும், அதற்காக ஒரு தொழிலாளியைக் கொன்றுவிட்டார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரி, சங்கத்தில் யாருக்கு என்ன என்று கேட்டாள். ஒரு தோழருக்கு உடம்பு சரியில்லை என்றேன்.

மறுநாள் கொட்டகையில் அந்த இடம் வந்ததும் வாய் வரவில்லை. முப்பத்தொன்பது பேர் பார்க்கிறார்கள். 'வைரவனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது' என்று படித்தேன். சுடலைக்கண்ணு பெரிதாக மூச்சுவிட்டு இலையை எடுத்தான். இது முற்றிலும் அரசியல் காரணத்துக்காக எடுத்த முடிவு.

அதற்கப்புறம் பத்திரிகையில் இருந்த கதைக்கும் நான் படித்த கதைக்கும் மெஸ் மட்டும்தான் பொது. தை மாதம் பத்திரிகையில் கதை முடிந்தும் போனது. மரகதத்தின் புருஷன் வந்து சேர்ந்தான், சுபம். நான் எப்படி நிறுத்துவது? வைரவன் அப்போதுதான் சித்தப்பாவின் பீரோவில் ஒரு பழைய கடிதத்தைக் கண்டுபிடித்திருக்கிறான். அவன் பெயருக்கு வந்தது. பன்னிரண்டு வருஷமாக அவனிடம் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். பழைய தீபாவளிச் சமயத்து இதழையே கையில் பிடித்துக்கொண்டு, சரியான இடத்தில் பக்கத்தைத் திருப்பி, மாசி மாதம் வரை படித்தேன். ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருநாள் மட்டும் பக்கம் திருப்ப மறந்துவிட்டேன். எதிரே இருந்த மைதீன் பிச்சை, நிமிராமலே, "ஓய், எச்சில் தொட்டுத் திருப்பும், ஒட்டிக்கிட்டிருக்கும்" என்றார். பாவம், வெகுளி.

இதற்கு நடுவில் என் முக்கியமான வேலையை நான் விடவில்லை. பத்துக் கோரிக்கை தயாராக இருந்தது. கூலி, லீவு நாள், சரிபார்க்கிற செக்கர் நல்ல பீடியையும் கழிவு என்று ஒதுக்குவது, எல்லாம் அதில் உண்டு. வேலைநிறுத்தம் என்று மூன்று தடவை பேசினேன். மூன்று தடவையும் எல்லோரும் ஆமாம் அண்ணாச்சி என்றார்கள். ஒருவனும் எழுந்திருக்கவில்லை.

எழுப்பியது முதலாளிதான். கோமதிநாயகம் என்று பெயர். பேசுவதற்கு முன் இரண்டு தடவை செருமுவார். என் கதையில் கல்லாவில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவும் பேசுவதற்கு முன் இரண்டு தடவை செருமுவார். தற்செயல். ஆனால் முதலாளி கொட்டகைக்குள் வந்து செருமினால் நாற்பது பேரும் குனிந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். கணக்கப்பிள்ளை வந்து, இனிமேல் கடையில் எதுவும் படிக்கக் கூடாது என்றார்.

மறுநாள் காலை நான் போகும்போது முப்பத்தொன்பது பேரும் வெளியே நிற்கிறார்கள். சுளகெல்லாம் உள்ளே கிடக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழாவது பிரசுரம் வேலை செய்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். அது மெதுவாக வேலை செய்கிற பிரசுரம். அங்கேயே ஒரு மணி நேரம் பேசினேன். பேசி முடித்ததும் சுடலைக்கண்ணு கை தூக்கினான்.

"அண்ணாச்சி, வைரவன் அந்தக் கடிதத்தைப் பிரிச்சானா இல்லையா?"

"இது போராட்டக் களம்."

"களம்தான். அதான் கேக்கோம். இங்க படிச்சா எவன் தடுப்பான்?"

ரைஸ் மில் சுவரோரம் நிழலில் பத்தொன்பது நாள் உட்கார்ந்தோம். ஆட்கள் கலைந்துபோகாமல் இருக்க நான் தினமும் படிக்க வேண்டியிருந்தது. தவிர்க்க முடியாத தந்திரம். வீட்டில் பீடி சுற்றுகிற பெண்களும் சுளகோடு வந்து உட்கார்ந்தார்கள். எட்டாம் நாள் பக்கத்து ஊர்ப் பீடிக்கடை ஆட்களும் வந்துவிட்டார்கள். கஞ்சித்தொட்டி வைத்தோம். பட்டினி கிடந்தவனும் உண்டு. ஒருவன், ஒரே ஒருவன் கூட வேலைக்குத் திரும்பவில்லை. மாவட்டத் தலைமை என்னைக் கூப்பிட்டு, இந்தக் கட்டுக்கோப்பின் ரகசியம் என்ன என்று கேட்டது. கொள்கைத் தெளிவு என்று சொன்னேன்.

பத்துக் கோரிக்கையோடு பதினொன்றாவதாக 'வாசிக்க அனுமதி' என்று அடியில் எழுதச் சொல்லி ஆட்கள் தொந்தரவு பண்ணியிருந்தார்கள். சின்ன எழுத்தில் எழுதிவைத்தேன். இருபதாம் நாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். இரண்டு தடவை செருமினார். "பதினொண்ணாவதுக்குச் சரி. மத்ததைப் பெறகு பேசிக்கிடலாம்" என்றார். நான் நிராகரிக்கிறேன் என்று சொல்வதற்காக வெளியே வந்தேன். அதற்குள் செய்தி போய்விட்டது. வேட்டியைத் தட்டிக்கொண்டு எல்லோரும் எழுந்து உள்ளே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

"தோழர்களே, பத்துக் கோரிக்கை அப்படியே நிற்குது."

"நிக்கட்டும் அண்ணாச்சி, எங்க போயிரப்போகுது? அதுக்கு அடுத்த தடவ உக்காருவோம். உள்ள வாங்க. வந்து படிங்க."

நான் உள்ளே போனேன். உட்காரவில்லை. நடுவில் நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் வந்ததில்லை. பழைய இதழைத் தூக்கிக் காட்டினேன். சொன்னேன். 'இதில் வைரவன் கிடையாது. வைரவன் ஒன்பதாவது வாரமே செத்துப்போனான். அரை வரியில் செத்துப்போனான். உப்பளம் கிடையாது, பெருங்காயம் கிடையாது, கடிதம் கிடையாது. இத்தனை மாதமாக நான் வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பொய்க்காகப் பத்துக் கோரிக்கையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.'

அவர்கள் வெட்கப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். வெட்கப்பட்டு வெளியே வருவார்கள். மறுபடியும் சுவரோரம் போய் உட்காருவோம்.

சுடலைக்கண்ணு இலையை வெட்டிக்கொண்டே சொன்னான். "தெரியும் அண்ணாச்சி."

"என்ன தெரியும்?"

"அவன் செத்தது. மைதீன் அன்னைக்கே பத்திரிகையைப் பாத்துச் சொல்லிட்டாரே. 'செத்தவனைப் பூவலிங்கம் எழுப்பி நடமாட விட்டிருக்காரு. ஒருத்தனும் மூச்சு விடப்படாது, தெரிஞ்சா வெக்கப்பட்டு நிறுத்திருவாரு'ன்னாரு."

"பொய்யின்னு தெரிஞ்சுமா கேட்டீங்க?"

அவன் கொஞ்சம் யோசித்தான். தலை தொங்காமல் யோசித்தான். "நீங்க நோட்டீஸ் படிக்கும்போது யாரையோ சொல்லுதீங்கன்னு இருக்கும். இவன் காபி கொண்டாந்து வச்சதும் எனக்குக் கை வலிச்சுது அண்ணாச்சி. அதுல பொய் என்ன இருக்கு?"

எதிரே மைதீன் பிச்சை தலையைத் தூக்கவே இல்லை. நூல் கட்டிக்கொண்டே இருந்தார். நூல் எப்போதோ அறுந்துவிட்டது. அறுந்த நூலையே கட்டிக்கொண்டிருந்தார்.

நான் பத்திரிகையைக் கீழே போட்டேன். இனி படிக்க மாட்டேன் என்றேன். படிக்கவில்லை. அடுத்த வாரம் கடையை விட்டே வந்துவிட்டேன். முழுநேரச் சங்க வேலை. மைதீன் வேறு ஏதோ தொடர்கதை எடுத்தார். பத்துக் கோரிக்கைக்காக அடுத்த வருஷம் மறுபடியும் உட்கார்ந்தார்கள் என்பதும், ஆறு கிடைத்தது என்பதும் உண்மை. நான் இல்லாமல் உட்கார்ந்தார்கள். அதனால் அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

முப்பது வருஷம் டீக்கடையில், கல்யாண வீட்டில், எவனாவது ஒருத்தன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பான். 'அண்ணாச்சி, அந்தக் கடிதத்துல என்ன இருந்துச்சு?' நான் விலைவாசியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

இனிச் சொல்வதை எழுத வேண்டாம்.

மைதீன் பிச்சைக்கு நெஞ்சில் தூள் இறங்கிவிட்டது. பீடிக்காரனுக்கு வருகிறதுதான். தர்ம ஆஸ்பத்திரியில் கிடந்தார். அரசியல் நிலைமையை விவாதிக்கலாம் என்று போனேன். விசிறிக்கொண்டிருந்த அவர் சம்சாரத்தை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓய். வைரவன் கடிதத்தைப் பிரிச்சானா?"

"அதெல்லாம் இன்னுமா நினைவு வச்சிருக்கீரு?"

"நான் சாகப்போறேன்வே. கோவத்தை விடும். சொல்லும்."

நோயாளியின் மனநிலை முக்கியம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அதனால் சொன்னேன். தினம் காலையில் போவேன். பதினொரு நாள் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரனும் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அத்தனையும் தயாராக இருந்தது. எப்படித் தயாராக இருந்தது என்று எனக்குத் தெரியாது. என் பெட்டியில் ஒன்பது நோட்டு இருக்கிறதென்று என் வீட்டுக்காரி யாரிடமாவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள், அவை சங்க மினிட்ஸ்.

பதினோராம் நாள் வைரவன் கடிதத்தின் ஓரத்தைக் கிழித்தான். உள்ளே இருந்து காகிதம் பாதி வெளியே வந்தது. நான் அங்கே நிறுத்தினேன்.

"சொல்லும்வே" என்றார் மைதீன்.

"நாளைக்கு."

"இன்னும் கொஞ்சம்."

"அங்க நிறுத்தினாத்தான்வே நல்லா இருக்கும். ஒமக்குத் தெரியாததா?"

அவர் சிரித்தார். மூச்சு இரைக்க இரைக்கச் சிரித்தார். "கள்ளன்வே நீரு. நல்லாத்தான் படிச்சிருக்கீரு" என்றார்.

மறுநாள் போனேன். கட்டிலில் வேறு விரிப்பு விரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவ்வளவுதான். கதையால் என்ன கெடுதல் என்று இப்போது புரிந்திருக்கும். பிரசுரமாக இருந்தால் ஒரே நாளில் முழுதும் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். உங்கள் மலருக்கு முதலில் சொன்ன ஒரு வரியைப் போடுங்கள். என் பெயருக்குக் கீழே ஏழாவது பிரசுரத்தின் ஆசிரியர் என்று போடுங்கள்.

ஏன் எழுந்திருக்கவில்லை?

பேனாவை மூடிவிட்டீர்கள். மலருக்காகக் கேட்கவில்லையா? சும்மா தெரிந்துகொள்ளவா? தபால்காரருக்கு எதற்கையா ஊரான் வீட்டுக் கடிதம்?

இல்லை, நாளைக்கு வர வேண்டாம். நாளைக்கு என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. இங்கே தள்ளி உட்காருங்கள். அந்தக் கதவை மட்டும் சாத்திவிடுங்கள். தெருவில் போகிறவன் பூவலிங்கம் கதை சொல்கிறான் என்று நினைத்துவிடுவான்.

அந்தக் காகிதம் நாலாக மடித்திருந்தது.